முடிதிருத்தகத்தின் தரை

சென்னிமலையில் முடிதிருத்தகம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எங்களிடம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய தந்தையார் காலத்தில் போட்ட மொசைக் தரை, நாற்காலிகளைச் சுற்றிக் குழி விழுந்துவிட்டது. தலைச்சாயம் சிந்திய இடங்கள் கறுத்துக் கிடக்கின்றன. "ஏனுங்க, முடி ஒட்டக் கூடாதுங்க, வழுக்கக் கூடாதுங்க, செவ்வாக்கிழமை ஒரு நாளைக்கு மேல கடையை மூடவும் முடியாதுங்க. என்ன தரை போடலாம்?" என்றார். புத்தகங்களைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த எங்களுக்கு இந்தக் கேள்வி முதலில் திகைப்பையே தந்தது. ஆனால் விசாரித்துக்கொண்டு போகப் போக, அந்தத் தரைக்கும் ஒரு வரலாறு இருப்பது புரிந்தது.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, முடிதிருத்துபவருக்கு நெடுங்காலம் தரையே கிடையாது என்பதுதான். வேப்பமரத்து நிழல், கிணற்றடி, ஆற்றங்கரை, பண்ணையத்து வீட்டின் புறவாசல் ஆகியவையே அவருடைய பணியிடங்கள். அடப்பப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர்தான் வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டும். கூலியோ அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். வெட்டிய முடி மண்ணில் விழும், காற்று கொண்டுபோகும். பெருக்கித் துடைப்பதற்கு அவருக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை.

கொங்கு நாட்டில் இதற்குள் ஒரு விசித்திரமும் உண்டு. இங்கே அவருக்குக் 'குடிமகன்' என்று பெயர். கம்பர் இயற்றியதாக மரபு சொல்லும் மங்கல வாழ்த்தை, கொங்கு வேளாளர் திருமணங்களில் பாடுபவர் அவர்தான். மணவறையில் அவர் குரல் இல்லாமல் சீர் நிறைவு பெறாது. அவர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் இன்றியமையாதவராக இருந்தவருக்கு, மற்ற நாட்களில் திண்ணைக்கு அப்பால் இடமில்லை. ஆகவே, வாடகைக்கேனும் ஓர் அறையைப் பிடித்து, கண்ணாடி மாட்டி, நாற்காலி போட்டு, 'சலூன்' என்று பலகை தொங்கவிட்ட நாளை வெறும் வணிக மாற்றமாக மட்டும் நாம் பார்க்க முடியாது. அன்றுமுதல் வாடிக்கையாளர் அவருடைய தரைக்கு வர வேண்டியதாயிற்று. கூலி காசாக மாறியது.

அந்த முதல் தரைகள் பெரும்பாலும் சாணம் மெழுகியவை. ஈரம் பட்டால் இளகும், முடியைப் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் வந்த பிறகுதான் கழுவக்கூடிய தரை எளியவர் கடைக்கும் எட்டியது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முயற்சி 1904ல் சென்னையில் தொடங்கியது. வெற்றிகரமான உற்பத்தி 1914ல் போர்பந்தரில் நிகழ்ந்தது. கோவையை அடுத்த மதுக்கரையில் 1930களில் ஆலை எழுந்தபோது கொங்கு நாட்டுக்குச் சிமெண்ட் பக்கத்துச் சரக்காயிற்று. சிமெண்டில் இரும்பு ஆக்சைடைக் கலந்து கரணையால் தேய்த்து மெருகேற்றிய சிவப்புத் தரை வீடுகளிலும் கடைகளிலும் பரவியது. மழமழப்பானது, குளிர்ச்சியானது. ஆனால் வெடிப்பு விட்டால் அந்தக் கீறலில் முடி குடியேறிவிடும்.

தரை உறுதியாயிற்று, சரி. அதில் யார் கால் வைக்கலாம் என்ற கேள்வி உறுதியாகவில்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்று 15ஆம் பிரிவாக இருக்கும் பகுதி விவாதிக்கப்பட்டது. கடைகளுக்குள் செல்ல எவரையும் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்ற வாசகத்தில் 'கடை' என்னும் சொல் சவரக் கடையையும் சலவைக் கடையையும் உள்ளடக்குமா என்ற ஐயம் எழுந்தது. அந்தச் சொல்லை மிக விரிந்த பொருளிலேயே கையாண்டிருப்பதாக அம்பேத்கர் விளக்கினார். சேவையை நாடி வருபவருக்குச் சேவை தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமெல்லாம் கடையே என்பது அவர் விளக்கத்தின் சாரம். இந்த நாட்டின் அரசியல் சட்டம் பிறந்த அவையில் முடிதிருத்தகத்தின் வாசற்படி பேசுபொருளாக இருந்ததை நாம் மறக்கலாகாது. 1955ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது.

சட்டம் வந்த வேகத்தில் வாசல் திறந்துவிடவில்லை. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுப்பதும், அவர்கள் அதற்காகப் பக்கத்து நகரத்துக்குப் பேருந்து ஏறிப் போவதும் இந்த நூற்றாண்டிலும் பதிவாகியிருக்கின்றன. பழியை முடிதிருத்துபவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. 'அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வரமாட்டோம்' என்ற மிரட்டல், திண்ணைக்கு வெளியே அவரையே நிறுத்தி வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. சிறுமைப்பட்டவர் கையாலேயே இன்னொருவரைச் சிறுமைப்படுத்துவது சாதியின் பழைய உத்தி.

இதே தரைக்கு ஒளி மிகுந்த இன்னொரு பக்கமும் உண்டு. பெரியாரின் 'குடி அரசு' 1925ல் ஈரோட்டில் தொடங்கியது. சென்னிமலையிலிருந்து ஈரோடு ஒரு பேருந்துத் தொலைவுதான். திராவிட இயக்க இதழ்கள் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் உரக்க வாசிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பெஞ்சில் அமர்ந்து அரசியல் கற்றார்கள். கைத்தறி ஊரான சென்னிமலையில், தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து நாளிதழ் கேட்ட தலைமுறையை நாங்களே பார்த்திருக்கிறோம்.

அந்தப் பெஞ்சின் கீழே இருந்தது பெரும்பாலும் மொசைக் தரை. வெனிஸ் நகரத்துத் தொழிலாளர்கள் பளிங்குக் கழிவுச் சில்லுகளைக் காரையில் பதித்துத் தேய்த்த முறையின் வாரிசு அது. சுதந்திரத்துக்குப் பின் நம் பேருந்து நிலையங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எங்கும் பரவியது. சலூனுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இணைப்பு மிகக் குறைவு. புள்ளி புள்ளியான நிறத்தில் உதிர்ந்த முடி உறுத்தாது. தேய்ந்தாலும் உள்ளே அதே சில்லுகள்தான். மறுபடி சாணை பிடித்தால் முகம் திரும்பும். குறை, சில்லுகளுக்கு இடையே இருக்கும் சிமெண்ட். அது நீரையும் எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

1990களுக்குப் பின் வந்த விட்ரிஃபைடு ஓடு இந்தக் குறையைத் தீர்த்தது. அது உறிஞ்சும் நீர் அரை விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் பளபளப்பு ஓட்டில் சோப்பு நீரும் நுண்முடியும் சேர்ந்தால் வயதானவர் கால் தவறும். ஆகவே சொரசொரப்பு சற்றே உள்ள மேட் வகைதான் வேண்டும். ஓடு பெரியதாக இருந்தால் இணைப்பு குறையும். இணைப்பில் சாதாரண சிமெண்டுக்குப் பதிலாக எபாக்சி நிரப்பினால் சாயம் ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓட்டின் அடியில் கலவை முழுமையாகப் பரவியிருக்க வேண்டும் என்பது. பொந்து விட்டால், ஹைட்ராலிக் நாற்காலியின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தி ஓட்டைப் பிளந்துவிடும்.

நண்பரிடம் இவற்றைச் சொன்னோம். பழைய தரையின் மேலேயே ஓடு ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வாசலில் தரை உயர்ந்து கால் தடுக்கும். அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நாற்காலிகள் இருக்கும் பகுதியில் மொசைக்கை வெட்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் சாம்பல் நிற மேட் ஓடு. காத்திருப்போர் பெஞ்சுக்குக் கீழே உள்ள மொசைக்குச் சாணை மட்டும். இதற்காக ஒரு செவ்வாயோடு புதனையும் சேர்த்து மூட ஒப்புக்கொண்டார். நிற்பவர் கால் வலிக்காமல் இருக்க நாற்காலியைச் சுற்றி ரப்பர் விரிப்பு போடச் சொன்னோம். முப்பது ஆண்டுகள் நின்ற தந்தையாரின் முழங்காலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, உடனே தலையாட்டினார்.

வாசற்படியைப் பற்றியும் கேட்டோம். படியை எடுத்துவிட்டுச் சரிவாக்கப் போவதாகச் சொன்னார். "யாரு வந்தாலும் நேரா உள்ள வரட்டுமுங்க" என்றார். முதியவர்களை நினைத்துத்தான் அதைச் சொன்னார். நாங்கள் 1948 நவம்பரையும் சேர்த்து நினைத்துக்கொண்டோம்.