ஆர்க்கிட் கணுவும் நம் கரிசல் சுடுமல்லியும்



சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி ஆர்க்கிட் பூத்தண்டின் படம் அனுப்பியிருந்தாள். கணுவில் ஒரு பசையைத் தடவினால் தண்டு கிளைக்கும் என்றார்களாம். "இது உரமா, மருந்தா சார்?" என்று கேட்கிறாள். இரண்டும் இல்லையம்மா, ஹார்மோன். அதன் கதையைச் சொல்லும் சாக்கில், நான் வகுப்பில் நடத்திய ஒரு பாடத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது.

கயத்தாறு பக்கம் பருத்திக்குக் கொழுந்து கிள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 75 நாள் வாக்கில், 15-வது கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளினால் செடி உயரம் போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பலம் பிடிக்கும். 1930-களில் கலிஃபோர்னியாவில் தீமன், ஸ்கூக் என்ற இருவரும் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் முளைத்தன. வெட்டிய இடத்தில் ஆக்ஸின் வைத்தார்கள், முளைக்கவில்லை. ஆக, நுனியில் ஊறும் ஆக்ஸின்தான் பக்க மொட்டைத் தூங்க வைக்கிறது என்று முடிவானது. ஸ்கூக் 1932 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓடியவர். பி.இ.டி. பீரியடுக்கு மட்டம் போட்டவர்கள் கவனிக்கவும்.

பின்னாளில் அதே ஸ்கூக், விஸ்கான்சினில் மில்லரோடு சேர்ந்து, செல்களைப் பிரிய வைக்கும் பொருளைத் தேடினார். ஹெர்ரிங் மீன் விந்தணுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ., பழைய புட்டி ஒன்றில் கிடந்தது. அது வேலை செய்தது. புதிதாக வாங்கியது வேலை செய்யவில்லை. புதியதை நீராவியில் அவித்துப் பார்த்ததும் அதுவும் வேலை செய்தது! 1955-இல் கைனடின் கிடைத்தது இப்படித்தான். அந்தச் சைட்டோகைனின் குடும்பம்தான் உன் பசையில் இருக்கிறது.

இனி என் பிழை. ஆக்ஸின் இறங்கி வந்து பக்க மொட்டுக்குள் புகுந்து அடக்குகிறது என்று போர்டில் படம் போட்டு நடத்தினேன். உண்மையில் அது தண்டோடு கீழே போகிறது, மொட்டுக்குள் போவதே இல்லை எனலாம். அப்படியானால் அடக்குவது யார்?

விடையின் ஒரு பகுதி நம் காட்டிலேயே கிடந்தது. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் விதை தூசி போல் இருக்கும். பல வருஷம் மண்ணில் கிடக்கும், வேரின் வாசனை பட்டால்தான் முளைக்கும். அந்த 'வாசனை'யை 1966-இல் அமெரிக்காவில் முதலில் பிரித்தெடுத்தது பருத்தி வேர்க்கசிவிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி ஒட்ட முடியாது. முளைத்துவிட்டுப் பட்டினியால் சாகும். நம் முன்னோர் சோளத்தையும் பருத்தியையும் மாற்றி மாற்றி விதைத்ததில் இந்த லாபமும் இருந்தது.

சரி, தன் எதிரியை எழுப்பும் பொருளைச் செடி ஏன் கசிய வேண்டும்? 2005-இல் ஜப்பானியர் கண்டார்கள்: மணிச்சத்து கொண்டுவரும் வேர்ப்பூஞ்சையை அழைக்கத்தான் அது. அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக் கேட்கிறது. 2008-இல் பிரான்சிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள், இந்த ஸ்ட்ரைகோலாக்டோன்களே செடிக்குள் கிளைப்பதைத் தடுக்கின்றன என்று காட்டின. மணிச்சத்து இல்லாத மண்ணில் செடி கிளையைக் குறைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் பட்டாணியைச் சோதித்தவர்கள், நுனியை வெட்டியதும் மொட்டுக்கு முதலில் ஓடி வருவது சர்க்கரை என்றார்கள். ஆக என் பழைய நோட்ஸில் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள்.

அம்மா, கணுவை மூடிய செதிலை மெதுவாக எடுத்துவிட்டுக் குண்டூசித் தலையளவு பசை வை. ஒரு தண்டில் ஒரு கணு போதும், செடி வாடியிருந்தால் அதுவும் வேண்டாம். பூங்கிளை வரலாம், குட்டிச் செடியும் வரலாம். எது வந்தாலும் படம் அனுப்பு.