படகு எஞ்சின் பற்றவைப்புக் கோளாறு

படகின் பின்பலகையில் மாட்டும் பெட்ரோல் எஞ்சின், தீப்பொறி கிடைக்காமல் கிளம்ப மறுக்கும் நிலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த ஸ்ரீரங்கத்தில், வெள்ளக்கால மீட்புப் படகுகளுக்கு இது உயிர்ப்பிரச்சினை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளை அடித்துச்சென்ற கொள்ளிடம், எஞ்சின் நின்ற படகை விட்டுவைக்காது.

சோதனை முறை: முதலில் அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைப் பார்க்க வேண்டும், அது கழன்றிருந்தால் பொறி வராது. அடுத்து ஸ்பார்க் பிளக். பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்து உலர்த்தி, சோக் போடாமல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கலாம். கரி படிந்திருந்தால் சுத்தம் செய்து, முனைகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினில் எர்த் ஆகும்படி வைத்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால், பளிச்சென்ற நீலப் பொறி தெரிய வேண்டும். அருகே சிந்திய பெட்ரோலோ ஆவியோ இருக்கக் கூடாது. புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் பழுது வயரிலோ, இக்னிஷன் காயிலிலோ, பொறிக்கான மின்சாரத்தைச் சேமித்து விடுவிக்கும் சி.டி.ஐ. யூனிட்டிலோ இருக்கலாம்.