அச்சுக்குப் போகுமுன் படத்தைப் பார்க்கிறவர்

துணுக்காயிலோ மல்லாவியிலோ இருக்கிற ஒருவர் ஒரு படத்தை அச்சிட வேண்டுமென்றால், இப்ப பிலிம் றோலோடு பஸ் ஏறத் தேவையில்லை. போனில் கிடக்கிற படத்தை ஸ்ரூடியோவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் போதும். கனடாவில் இருக்கிற மகளும் சுவிஸில் இருக்கிற தம்பியும்கூட இப்படித்தான் ஓடர் கொடுக்கிறார்கள். அம்மாவின் 31ஆம் நாளுக்குப் பெரிய படம் ஒன்று, மருமகளின் சாமத்தியவீட்டு அல்பத்துக்கு ஒரு கட்டுப் படங்கள். ஓடர் வந்து சேருவதற்கும் இயந்திரம் ஓடுவதற்கும் இடையில் ஒருத்தர் கணினிக்கு முன்னால் இருந்து அவற்றைப் பார்க்கிறார். தலை வெட்டுப்படுதா, முகம் மங்கலா, நிறம் சரியா, அஞ்சலிப் படத்தில் பெயர் பிழையில்லாமல் இருக்கா?

இந்த வேலையைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. புகைப்பட வரலாறு என்றால் எடுத்தவரின் பெயர் வரும், கமராவின் பெயர் வரும். நடுவில் இருந்து பார்த்தவர் வரமாட்டார். ஆனால் அவருக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அவர் எதைத் திருத்தலாம், எதைத் திருப்பி அனுப்பலாம், எதில் கைவைக்கக் கூடாது என்ற கேள்விக்கு வன்னியில் ஒரு தனிக் கனமும் இருக்கு. அதைத்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

பென்சிலோடு இருந்தவர்

பழைய ஸ்ரூடியோக்களில் படம் எடுத்தவரும் பார்த்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசி மாதிரிச் சீவின பென்சிலால் முகத்திலுள்ள தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே விழுந்த கருமை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவார். நெகட்டிவில் கறுப்பாக இருக்கிறது அச்சில் வெளுத்து வரும். அதனால் பென்சில் பட்ட இடமெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் அதே மேசையில் நடந்த வேலைதான். எங்கட வீடுகளில் பூட்டன், பூட்டி படங்களில் முகம் வழவழவென்று இருப்பதற்கு இந்தப் பென்சிலும் ஒரு காரணம். போனில் இருக்கிற 'பியூட்டி' பில்டர் நேற்று வந்த ஆசை இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பென்சில் பிடித்தவர் அந்த முகத்தை நேரில் கண்டவர். மூக்கு எப்படி, மச்சம் எங்கே என்று அவருக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சினால் வீட்டுக்காரர் கடைக்கே வந்து, "இது எங்கட அப்பு மாதிரி இல்லையே" என்று சொல்லலாம்.

முகம் தெரியாதவர் கையில்

1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடக் கமராவை விற்கத் தொடங்கியதோடு இந்த உறவு மாறத் தொடங்கியது. 25 டொலர் கொடுத்தால் 100 படங்களுக்கான பிலிம் உள்ளே போட்ட பெட்டி ஒன்று கிடைக்கும். எடுத்து முடிந்ததும் கமராவையே அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டொலருக்கு அவர்கள் படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதுப் பிலிமும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எடுத்தவர் ஒரு ஊரில், பார்த்தவர் இன்னொரு ஊரில். இன்றைய இணைய ஓடரின் தாத்தா இதுதான்.

முகம் தெரியாதவர் நிறத்தை எப்படிச் சரிபார்ப்பது? அதற்கு ஒரு அளவுகோல் வேணும். 1950களிலிருந்து கொடக் நிறுவனம் படக்கழுவகங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர் விழுந்தது. அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. இதை ஆராய்ந்த கனடியப் பேராசிரியர் லோர்னா றோத், பிலிம் கறுப்புத் தோலைச் சரியாகக் காட்டாததைப் பற்றி எழுதும்போது ஒரு கசப்பான விசயத்தைச் சொல்கிறார். மண்ணிறங்களைத் திருத்தச் சொல்லிக் கொடக்கை நெருக்கியவர்களில் சொக்கிலேற் கொம்பனிகளும் மரத் தளபாடக்காரரும் இருந்தார்களாம். பல நிறத்துப் பெண்கள் இருக்கிற அட்டை 1990களில்தான் வந்தது.

இதை நாங்கள் வெறும் தகவலாகக் கடக்க முடியாது. கலியாணவீட்டுப் படத்தில் மாப்பிள்ளையை இரண்டு சுற்று வெளுக்க வைப்பது இன்றைக்கும் நடக்குது. சில இடங்களில் யாரும் கேட்காமலே நடக்குது. வெயிலில் வயல் பார்த்த ஒரு மனிசனின் முகத்தை மாவு பூசின மாதிரி அச்சிட்டுக் கொடுத்தால், அது நிறத் திருத்தமா?

பார்க்கிறவர் நீதிபதியானால்

1970களின் பிற்பகுதியில் ஜப்பானின் நொறிற்சு நிறுவனம் கடைக்குள்ளேயே படம் கழுவி அச்சிடும் சிறிய இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தூரத்துத் தொழிற்சாலைக்குப் போன படம் பக்கத்துக் கடைக்குத் திரும்பி வந்தது. கூடவே எங்கட படத்தைப் பார்க்கிற கண்ணும் பக்கத்தில் வந்தது. அது எங்களையும் அளக்கத் தொடங்கியது. 1995இல் இங்கிலாந்தில், குளிக்கும் தன் பிள்ளையைப் படமெடுத்த ஒரு தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரைப் பொலிஸ் கைது செய்தது. காரணம், படம் கழுவிய இடத்து ஊழியர் கொடுத்த தகவல். கடைசியில் வழக்கு எதுவும் இல்லை. சிறுவர் துஷ்பிரயோகத்தைக் கண்டால் சொல்லத்தான் வேணும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் படத்தைப் பார்க்கிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கு என்று அந்தச் சம்பவம் காட்டியது.

அரசு அந்தக் கண்ணாக மாறினால் இன்னும் பயங்கரம். தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் காவித் திரிய வேண்டியிருந்த பாஸ் புத்தகங்களுக்குப் போலறொயிட் நிறுவனத்தின் படங்கள் பயன்பட்டன. 1970இல் அந்த நிறுவனத்தின் ஊழியர்களான கரொலைன் ஹன்ரரும் கென் வில்லியம்ஸும் அதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் போலறொயிட் அந்த நாட்டை விட்டு வெளியேறியது.

எங்கட நாட்டில், 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அந்தச் சின்னப் படத்தையும் ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த கண்களை எங்கட பெற்றோர் மறக்கவில்லை. 2011இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிந்து படமெடுத்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள். பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு அங்கே உறுதி சொன்னது. இப்ப கடவுச்சீட்டுக்கு, அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் எடுத்த படம் இணையம் வழியாக நேரே திணைக்களத்துக்குப் போகுது. எங்கட கையில் ஒரு ரசீது மட்டும்தான்.

படமே இல்லாத வீடுகள்

2008 ஓகஸ்ட், செப்ரெம்பரில் துணுக்காயும் மல்லாவியும் இராணுவத்தின் கைக்குப் போயின. அதற்கு முன்னரே சனம் அக்கராயன், கிளிநொச்சிப் பக்கமாக நகரத் தொடங்கிவிட்டது. பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சாமான் குறைஞ்சுகொண்டே போனது. ஒரு அல்பத்தின் பாரத்துக்கு அரிசி கொண்டுபோகலாம் என்று யோசித்தவர்களை யார் குறை சொல்வது? சீருடையோடு பிள்ளை நிற்கிற படத்தைக் கொண்டு ஓமந்தையைத் தாண்டப் பயந்து எரித்தவர்கள் இருக்கிறார்கள், புதைத்தவர்கள் இருக்கிறார்கள். மெனிக் பாமுக்குள் போய், 2009இன் கடைசியிலிருந்து துணுக்காய்க்குத் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் இல்லை, படமும் இல்லை.

அதன்பிறகு படங்களைத் திருப்பிச் சேர்க்கிற வேலை தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிய கலியாணப் படம், பழைய அடையாள அட்டையின் பிரதி, பள்ளிக்கூடக் குழுப்படம். "இதில மூண்டாவதா நிக்கிறவரை மட்டும் எடுத்துப் பெரிசாக்கித் தாங்கோ தம்பி." 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருந்து போராடத் தொடங்கிய அம்மாமாரின் கைகளில் இருந்த படங்களை நினைச்சுப் பாருங்கோ. பலவற்றில் முகம் கொஞ்சம் மங்கல். ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரியும். அடையாள அட்டைப் படத்தை இழுத்துப் பெரிசாக்கியது தெரியும்.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, சேற்றில் கிடந்த படங்களைத் தொண்டர்கள் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுக்கும்படி காட்சிக்கு வைத்தார்கள். அந்த வேலையில் பியூஜிபிலிம் நிறுவனமும் சேர்ந்து நின்றது. 2004 சுனாமி அடித்த கரை முல்லைத்தீவிலும் இருக்கு. அதற்கு மேல் யுத்தமும் வந்தது. இங்கே அந்த வேலையைச் செய்தது சந்தியில் இருக்கிற சின்ன ஸ்ரூடியோக்கள்தான்.

கணக்கும் கவனமும்

இனித் தொழில்நுட்பத்துக்கு வருவோம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும் என்பது பொதுக் கணக்கு. 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 புள்ளிகள். சாதாரணமாக வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளியாகிவிடும். 4×6க்கு அது காணும். அதையே 18 அங்குலத்துக்குப் பெரிசாக்கினால் அங்குலத்துக்கு 90கூட வராது. இருபது பேர் வரிசையாக நிற்கிற குழுப்படம் என்றால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது நாற்பது புள்ளி மட்டில்.

இன்னொன்று, போன் படம் பெரும்பாலும் 4:3 அளவு. 4×6 தாள் 3:2. முழுத்தாளையும் நிரப்பினால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். போனைக் கிடையாகப் பிடித்து எடுத்த குடும்பப் படத்தில் பின்வரிசையின் தலைகள் போவது இதனால்தான்.

இதையெல்லாம் இப்ப மென்பொருளே பிடித்துச் சொல்லும். தரம் குறைந்த படம் என்றால் மஞ்சள் எச்சரிக்கை வரும். சில இடங்களில் ஓடரே ஏறாது. ஆனால் இது ஒரு பிள்ளையின் ஒரேயொரு படம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒரு மனிசனுக்கு அது தெரிய வாய்ப்பிருக்கு, கேட்டால்.

மங்கலை நீக்க இப்ப செயற்கை நுண்ணறிவு இருக்கே என்பீர்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. இந்த மென்பொருள்கள் இல்லாத புள்ளிகளைக் கண்டுபிடிப்பதில்லை, தாங்கள் பழகின முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மென்பொருளுக்கு ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை வரைந்து கொடுத்தது. ஷேர்லி அட்டை வேறு உடுப்புப் போட்டுத் திரும்பி வந்த மாதிரி. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் முகம் இப்படித் தெளிவானால், அந்தத் தெளிவு யாருடையது? படத்தை வைத்துத்தான் அந்த அம்மா கேட்கிறா, "இவரைக் கண்டனீங்களா?" மூக்கு மாறினால் கேள்வியே மாறிப்போகும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கோப்புக்குள் போகிற படம் என்றால் சேதம் இன்னும் கூட.

அதனால் எங்கட நிலைப்பாடு இது. வெளிச்சம், நிறம், கீறல், தூசி ஆகியவற்றைத் திருத்தலாம். முகத்தின் வடிவத்தில் கைவைக்கிறதென்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேணும், மாற்றிய படம் என்று சொல்லிக் கொடுக்க வேணும், மூலப் படத்தையும் திருப்பிக் கொடுக்க வேணும். சட்டையை மாற்றச் சொல்லிக் கேட்டால் அது அவர்களின் பாதுகாப்பு, அவர்களின் முடிவு. தரம் குறைந்த படத்தைத் திருப்பி அனுப்பமுதல் ஒரு அழைப்பு எடுக்கலாம். "இதைவிட நல்ல படம் இருக்கா அம்மா?" இல்லை என்றால், இருக்கிறதைச் சின்ன அளவில் நேர்மையாக அச்சிடலாம். ஓடர் முடிந்ததும் கணினியில் கிடக்கிற படங்களை அழிக்க வேணும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் இங்கே சட்டத்துக்கு முதல் பயம் இருக்கு, யாரோ பார்த்துவிடுவினம் என்ற பயம். அதை மதிக்க வேணும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் லீவு நாளில் ஸ்ரூடியோவிலோ அச்சகத்திலோ நிற்பீர்கள். மற்றவர்கள் ஓடர் கொடுப்பீர்கள். கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கோ, அப்ப சுருங்காது. பழைய தாள்ப்படம் என்றால் போனால் படமெடுக்காமல் 600 புள்ளியிலாவது ஸ்கான் பண்ணுங்கோ. பின்பக்கத்தில் மெதுவாகப் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கோ. அம்மம்மா இருக்கும்போதே, மூன்றாவதாக நிற்கிறவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கோ.