ஹிக்லி செப்புக்காசுகள்

வட அமெரிக்காவில் பிரித்தானியரின் குடியேற்றமாக இருந்த கனெக்டிகட்டில், 1737-க்கும் 1739-க்கும் இடையே அரசு அனுமதியின்றித் தனியார் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசுகள். கிரான்பி காசுகள் என்றும் அழைக்கப்படுகின்றன. இங்கிலாந்திலிருந்து சில்லறை போதுமான அளவு வராததால், கிடைத்த காசையெல்லாம் மக்கள் வாங்கிக்கொண்ட காலம் அது.

சிம்ஸ்பரியைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஹிக்லிக்குச் சொந்தமாகவே செப்புச் சுரங்கம் இருந்தது. கொல்லுவேலையும் தெரியும், எஃகு செய்யும் தனியுரிமை கேட்டு 1728-இல் மனுப் போட்டவர். தம் சுரங்கத்துச் செம்பிலேயே இந்தக் காசுகளை அடித்தார். 1737-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இறந்துபோனார். அதன்பின் அண்ணன் ஜான் இந்த வேலையைத் தொடர்ந்ததாகக் கருதப்படுகிறது.

முதல் காசுகளின் ஒரு பக்கத்தில் நிற்கும் மானும் 'மூன்று பென்ஸ் மதிப்பு' என்ற வாசகமும், மறுபக்கத்தில் முடி சூடிய மூன்று சுத்தியல்களும் உள்ளன. உருவிலோ அவை இங்கிலாந்தின் அரைப் பென்னி அளவுதான். கனெக்டிகட்டின் காகிதப் பணம் ஸ்டெர்லிங்கைவிட வெகுவாகச் சரிந்திருந்ததால், இதை ஆறு மடங்கு விலை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஊரில் முணுமுணுப்பு எழுந்ததாம். மூன்று பென்ஸ் மதுவுக்கு ஹிக்லி தம் காசையே நீட்டிக்கொண்டிருக்க, மதுக்கடைக்காரர் சலித்துப்போனார் என்பது செவிவழிக் கதை.

அடுத்து வந்த காசுகளில் வாசகம் மாறியது: 'உன் விருப்பப்படி என்னை மதித்துக்கொள்', மறுபக்கம் 'நான் நல்ல செம்பு'. ஆனால் மானின் காலடியில் மூன்று என்ற ரோமன் எண் அப்படியே நின்றது. விலையை வாங்குபவரிடம் விட்டதுபோலவும் ஆயிற்று, விடாததுபோலவும் ஆயிற்று. சுத்தியல்களுக்குப் பதிலாகக் கோடரி பொறித்து, 'வெட்டி வழி செய்துகொண்டேன்' என்று எழுதிய வகையும் உண்டு. வண்டிச்சக்கரம் பொறித்த வகையில் ஒரே ஒரு காசுதான் கிடைத்திருக்கிறது.

செம்பு நல்லது என்றது வெறும் பேச்சில்லை. பொன்னில் கலப்பதற்கு ஏற்ற சுத்தமான செம்பு என்பதால் பொற்கொல்லர்கள் இந்தக் காசுகளைத் தேடி வாங்கி உருக்கினர். அரிதாகிப்போனதற்கு அதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியவையும் கைமாறிக் கைமாறி எழுத்துத் தேய்ந்தவையே. ஆகவே மான் தெளிவாகத் தெரியும் காசு விற்பனைக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுவது நல்லது. 1864-இலேயே ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த அச்சு வெட்டுநர் ஜேம்ஸ் போலன் இதற்குப் போலி அடித்திருக்கிறார்.