பாண்டியர் அரியணைப் போர்கள்

பாண்டிய அரச குடும்பத்தார் மதுரை அரியணைக்காக 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை தமக்குள் நடத்திய போர்கள். அரச குலத்தார் பலர் ஒரே காலத்தில் முடிசூடி வெவ்வேறு பகுதிகளை ஆண்ட வழக்கம் இப்பூசல்களுக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது.

முதற்பெரும் போர் பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் இடையே 1160களில் மூண்டது. ஒரு தரப்புக்கு இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவும் மறு தரப்புக்குச் சோழரும் துணை நின்றனர். இலங்கைத் தளபதி இலங்காபுரன் வென்று திரும்பினான் என்கிறது சூளவம்சம். அவன் தலை மதுரை வாயிலில் ஆணியடித்து வைக்கப்பட்டது என்கிறது சோழர் கல்வெட்டு.

மாறவர்மன் குலசேகரன் காலத்தைப் (1268–1310) பற்றியே சான்றுகள் மிகுதி. தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகம் அப்போது செழித்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்ததைக் குறிக்கிறார். அந்தக் காயல், பழைய காயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினம் என்போரும் உளர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 பொற்காசு விலை என்றும், வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் அத்தொகை உண்டு என்றும் எழுதுகிறார். வந்து இறங்கிய குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம்; சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டினர் என்பது மார்க்கோ போலோவின் கூற்று. இத்தனை உபசரிப்பிலும் ஆண்டு முடிவில் சிலவே எஞ்சின. லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம்.

ஐந்து உடன்பிறந்தார் இந்நாட்டை ஆண்டதாகவும் மார்க்கோ போலோ எழுதுகிறார். அவர்கள் போருக்கு எழும்போதெல்லாம் தாய் குறுக்கே நின்று, பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் எனக் கத்தியை உயர்த்துவாளாம். அவள் காலத்துக்குப் பின் போர் உறுதி என்றும் கணிக்கிறார். ஐவரும் உடன்பிறந்தார்தாமா என்பது கல்வெட்டுகளால் உறுதிப்படவில்லை. கூட்டாட்சி செய்தோரை அவர் அவ்வாறு கொண்டிருக்கலாம்.

வஸ்ஸாஃப் கூற்றின்படி, மாறவர்மன் குலசேகரனின் பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன். ஆசைநாயகியின் மகன் வீர பாண்டியன். தந்தை வீரனைத் தேர்ந்ததால் வெகுண்ட சுந்தரன் 1310இல் தந்தையைக் கொன்று மதுரையில் முடிசூடினான். தலாச்சி என்று அவர் குறிக்கும் ஏரிக்கரைப் போரில், மற்றவன் நிலை அறியாமல் இருவருமே களத்தை விட்டு ஓடினர். அந்த ஏரி எது என்பதில் உடன்பாடில்லை. தந்தைக்கொலையை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. கல்வெட்டுகளின்படி வீரன் 1297 அளவிலும் சுந்தரன் 1303 அளவிலும் ஆட்சியில் பங்கேற்றுவிட்டதால், வாரிசுத் தேர்வு பற்றிய வஸ்ஸாஃப் கதையை அப்படியே கொள்ளவும் இயலாது.

சுந்தரன் தில்லியின் உதவியை நாடினான் என்பதும் வஸ்ஸாஃப் தரும் செய்தி. தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ அதைச் சொல்வதில்லை. 1311இல் தில்லித் தளபதி மாலிக் கபூர் மதுரை வந்தபோது நகர் வெறிச்சோடியிருந்தது. அவர் படை 512 யானைகளையும் 5,000 குதிரைகளையும் கொண்டு சென்றதாகக் குஸ்ரோ கணக்கிடுகிறார். காயலில் இறங்கி, பசும்பால் குடித்துப் பிழைத்த குதிரைகளும் அவற்றுள் இருந்திருக்கக்கூடும். அடுத்து வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் காஞ்சி வரை முன்னேறினான். 1323இல் தில்லியின் துக்ளக் படை மதுரையைக் கைப்பற்றியது.

பிற்காலப் பாண்டியர் தென்காசியையும் நெல்லைச் சீமையையும் ஆண்டனர். தென்காசிக் கோயிலை அவர்களுள் ஒருவனான பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கினான்.

அகிலனின் 'கயல்விழி' புதினமும், அதைத் தழுவிய 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' (1978) திரைப்படமும் சோழரை வென்ற முந்தைய சுந்தர பாண்டியனைப் பற்றியவை. 1310ஆம் ஆண்டுச் சுந்தரன் வேறு.