சூப்பர்நோவாவும் விண்மீன் பேரடைகளின் வளர்ச்சியும்

சூப்பர்நோவா என்பது விண்மீன் ஒன்று தன் இறுதிக் கட்டத்தில் வெடித்துச் சிதறும் நிகழ்வு. கேலக்சி எனப்படும் விண்மீன் பேரடைக்குள் புதிய தனிமங்களைச் சேர்ப்பதும், அடுத்த தலைமுறை விண்மீன்கள் உருவாகத் தேவையான வாயுவைக் கலைப்பதும் இவ்வெடிப்புகளே.

1934இல் வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் இவற்றைச் சாதாரண நோவாக்களிலிருந்து பிரித்துக் காட்டினர். 1941இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி, நிறமாலையில் ஹைட்ரஜன் தென்படாதவற்றை முதல் வகை என்றும், தென்படுபவற்றை இரண்டாம் வகை என்றும் பகுத்தார். பேரடையின் இயல்புக்கும் இவ்வகைகளுக்கும் உள்ள தொடர்பு பின்னர் தெளிவானது. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே அவற்றின் முடிவான இரண்டாம் வகை வெடிப்புகள், விண்மீன்கள் இன்னும் பிறந்துகொண்டிருக்கும் சுருள் பேரடைகளின் கரங்களில் மிகுதி. நீள்வட்டப் பேரடைகளில் மிக அரிது. முதல் வகையின் உட்பிரிவான ஒன்று-ஏ, வெள்ளைக்குள்ள விண்மீன் வெடிப்பதால் ஏற்படுவது. அத்தகைய விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகர் கணித்த எல்லை, சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இவ்வெடிப்புக்குப் பல நூறு கோடி ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், முதிய பேரடைகளிலும் இது நிகழ்கிறது.

தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகும் முறையை 1957இல் பர்பிட்ஜ் இணையர், வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகியோர் விரிவாக விளக்கினர். பெருவிண்மீன்களின் வெடிப்பு ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் விரைவில் தருகிறது; ஒன்று-ஏ வகை இரும்பைத் தாமதமாகச் சேர்க்கிறது. இந்தக் கால இடைவெளியின் முக்கியத்துவத்தை 1979இல் பீட்ரிஸ் டின்ஸ்லி எடுத்துக்காட்டினார். பழைய விண்மீன்களில் இரும்பை ஒப்பிட ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு பேரடையில் விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன என்பதை இவ்விகிதத்தைக் கொண்டே கணிக்கின்றனர்.

வெடிப்பின் ஆற்றல் பேரடையின் வாயுவையே வெளியேற்றக்கூடும் என்பதை 1974இல் ரிச்சர்டு லார்சன் ஆராய்ந்தார். ஈர்ப்பு குறைந்த சிறு பேரடைகளே வாயுவை எளிதில் இழக்கின்றன. குறும்பேரடைகளின் தோற்றத்தை இதைக் கொண்டு அவிஷை டெக்கலும் ஜோசஃப் சில்க்கும் 1986இல் விளக்கினர். எம்82 பேரடையின் மையப் பகுதியிலிருந்து இவ்வாறு வாயு பீறிடுவதை இன்றும் காணலாம்.

இந்த விளைவைச் சேர்க்காத கணினி மாதிரிகளில் விண்மீன்கள் அளவுக்கு மீறிப் பிறக்கின்றன. சிறு பேரடைகளில் அந்தப் பிறப்பைக் கட்டுப்படுத்துவதில் சூப்பர்நோவாக்களுக்கே பெரும்பங்கு; மாபெரும் பேரடைகளில் அப்பங்கு மையக் கருந்துளையுடையது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.