பகடையால் தீராத பிணக்கு

பல்லாங்குழியில் தோல்வி நெருங்குவது தெரிந்ததும் முத்துகளைக் கலைத்துவிட்டு எழுந்து போகிறவரை அழுகுணி என்கிறோம். வழக்கு அத்துடன் முடிந்துவிடும். விதி எது, மீறல் எது என்பதில் அங்கே ஐயமில்லை. ஆனால் வெல்பவரும் தோற்பவரும் இல்லாத, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசியே ஆடுகிற ஓர் ஆட்டத்தில் அழுகுணி யார் என்று எப்படித் துணிவது? அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்துவந்துள்ள மேசைப் பாத்திர ஆட்டங்களின் வரலாற்றை இந்த ஒரு வினாவின் வழியே படித்துப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அறியாதோர்க்குச் சில சொற்கள். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவர், கற்பனை உலகையும் அதில் எதிர்ப்படுவோரையும் அவரே விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்லிக்கொண்டே போவர். முடிவு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் பகடை தீர்ப்புரைக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவர் பெயரிலும் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். முதற்பதிப்பு 1000 படிகள்தாம்.

வியப்பு என்னவென்றால், இந்த ஆட்டவகையே ஓர் ஆட்டம் கெட்டுப்போனதால் பிறந்தது. 1969இல் மினசோட்டாவின் இரட்டை நகரங்களில், நெப்போலியன் காலப் போர்களைப் பொம்மைப் படைகளால் ஆடிவந்த நண்பர்கள் குழு ஒன்று இருந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் அவர்களுக்காக ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் கற்பனைச் சிற்றூரை உருவாக்கினார். படைத்தலைவர்களை மட்டுமன்றி நகரத்தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலியோரையும் பாத்திரங்களாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஆட்டக்காரர்கள் போரை மறந்தார்கள். மூலைக்கு மூலை நின்று கமுக்கமாகப் பேசினார்கள். இருவர் வந்து, தமக்குள் ஒற்றைக்கு ஒற்றை மோதிக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள்; அதற்கு விதியே இல்லை. போர் நடக்காமலே பொழுது போயிற்று. வெஸ்லி அதைத் தோல்வியென்றே எண்ணினார். ஆட்டக்காரர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள்.

அக்குழுவில் இருந்தவர்தாம் ஆர்னசன். பின்னர் நடந்த ஓர் ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது துண்டறிக்கை விநியோகிக்கும் புரட்சிக்காரர் வேடம். அவரோ போலி அடையாள அட்டை ஒன்றைக் காட்டித் தம்மை அமெரிக்க உளவாளி என்று எல்லோரையும் நம்பவைத்துவிட்டார் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆட்டத்தைக் கலைத்தவர் என்று எவரும் அவரை ஏசவில்லை. பின்னர் ‘பிளாக்மூர்’ என்ற தம் கற்பனை நாட்டில் ஆர்னசனே நடுவரானார். அங்கே ஒருவர் இரத்தக்காட்டேரிப் பாத்திரமாகி அடக்குவாரின்றித் திரிந்தார். அவரை எதிர்க்கவே சமயகுரு என்னும் பாத்திரவகை புகுத்தப்பட்டது என்பது அக்குழுவினரின் நினைவு. ஒருவருடைய அத்துமீறலுக்கு மாற்றாக வந்த ஏற்பாடு, நூலில் ஏறி நிலைத்த விதியாயிற்று.

நண்பர் வட்டத்துக்குள் இது செல்லும். ஆட்டம் அச்சேறி முன்பின் அறியாதவர் கைக்குப் போனபோது நிலைமை மாறியது. 1979இல் கைகாக்ஸ் எழுதிய ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்’ நூலில் தொல்லை தரும் ஆட்டக்காரரைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. வானத்திலிருந்து நீல மின்னல் தலையில் விழட்டும். அருவமாக ஒரு மம்மி வந்து தாக்கட்டும். பாத்திரத்தின் கவர்ச்சிப் புள்ளியில் ஒன்று நிரந்தரமாகக் குறையட்டும் என்கிறார். படிக்கையில் சிரிப்பு வருகிறது. ஆயினும் இது மாணவன் பிழைக்கு அவன் நோட்டுப்புத்தகத்தை அடிப்பது போன்றதே. தொல்லை தந்தவர் மனிதர். தண்டனை பெறுவது தாளிலுள்ள பாத்திரம். இவை பயன்படாவிடில் அவரை அழைக்காமல் விட்டுவிடுங்கள் என்றும் கைகாக்ஸ் எழுதினார். அதுவே முதலில் வந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இதே 1979இல் உரிமைத்தொகை குறித்து ஆர்னசன் கைகாக்ஸ் மீதும் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார் என்பதையும், அது 1981இல்தான் சமரசமாயிற்று என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சிக்கலின் முடிச்சை அவிழ்த்துக் காட்டியவர் ஒரு சமூகவியலாளர். மினசோட்டா ஆட்டக்குழுக்களோடு அமர்ந்து ஆராய்ந்த கேரி ஆலன் ஃபைன் 1983இல் ‘ஷேர்ட் ஃபேன்டசி’ என்னும் நூலை வெளியிட்டார். மேசையில் இருப்பவர் ஒரே நேரத்தில் மூவர் என்றார்: வீடும் வேலையும் உடைய மனிதர், விதியறிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாழும் பாத்திரம். அகத்திணையியல் கற்பிக்கும் நமக்கு இதில் புதுமை குறைவு. உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் வேறு பிரித்த மரபு, அகப்பாட்டில் ஒருவரைப் பெயர் சுட்டலாகாது என்றும் விதித்தது. மனிதரின் பெயர் உள்ளே வந்தால் அது அகமன்று. ஆட்ட மேசையில் நடப்பதோ இதன் மறுதலை. முன்தினம் பட்ட அவமதிப்புக்கு ஒருவர் கதைக்குள் தோழரின் பாத்திரத்தைக் களவாடிப் பழிதீர்ப்பார், கேட்டால், “நானா செய்தேன்? என் பாத்திரத்தின் இயல்பு அது” என்பார். ஆட்டக்குழுக்கள் மிகுதியாகக் கேட்டிருக்கும் சமாதானம் இதுவாகவே இருக்கும். அப்பாத்திரத்தை அப்படிப் படைத்தவர் யார் என்று திருப்பிக் கேட்கச் சில ஆண்டுகள் ஆயின.

கேட்டவர்களுள் ரான் எட்வர்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். விதிகளுக்கும் கதைக்கும் வெளியே, ஆடுவோரிடையே ஒரு சமூக ஒப்பந்தம் இருக்கிறது, மற்றவை அதற்குள் அடங்கும் என்று எழுதினார். கதையில் அறவே வரக்கூடாதவை எவை, வந்தாலும் திரைமறைவில் நிகழ வேண்டியவை எவை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் முறை 2003இல் அவர் எழுதிய நூலொன்றில் இடம்பெற்றது. 2010களின் முற்பகுதியில் ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் இன்னும் எளிய ஒன்றைக் கொணர்ந்தார். எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை மேசை நடுவே கிடக்கும். கதை போகும் போக்கு எவருக்கேனும் தாங்கவில்லையெனில் அதைத் தொட்டால் போதும், அக்காட்சி விலக்கப்படும். ஆட்டத்தின் விறுவிறுப்பு கெடுகிறது என்று முணுமுணுத்த மூத்த ஆட்டக்காரரும் உண்டு. பழம்பகையை அட்டை தீர்க்காது என்பதும் மெய்யே. அதற்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பேசத்தான் வேண்டும். ஆனால் மின்னலை ஏவ அதிகாரம் பெற்றிருந்த அந்த நடுவருக்கு, அட்டையைத் தொட்டவரிடம் காரணம் கேட்கும் உரிமை கிடையாது.